ஆட்டமில்லாத ஊசித்தண்டு

ஆவடியில் தொழிற்சாலை வேலை என்றால், நான் டாங்கி செய்கிறேன் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நான் ஒரு திருகாணிகூடச் செய்ததில்லை. பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். கடைசல் பட்டறையில் ஒருவன் காலையிலிருந்து நின்றபடி கடைந்ததை என் மேஜையில் கொண்டுவந்து வைப்பான். நான் அதைத் துளைக்குள் செருகி ஆட்டிப் பார்ப்பேன். மயிரிழை கூடுதலாக ஆடினாலும் சிவப்பு மையால் கோடு இழுத்துத் தள்ளிவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்னென்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது தெரியும். அதில் ஒன்றிரண்டைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன்.

வீட்டிலும் அதே கதைதான். ஜன்னல் கொக்கி ஆடினால் எனக்குச் சோறு இறங்காது. நாங்கள் இருந்த தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் யார் வீட்டு மின்விசிறி முனகினாலும், யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். “அவர் கை வச்சா அப்புறம் எதுவும் ரிப்பேராகி நிக்காது” என்று என் மனைவி பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்திருந்தாள். சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டாள், ஆனால் எனக்குக் கேட்கும்படிதான் சொல்வாள்.

அவளுக்கென்று ஒரு தையல் மிஷின் இருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணச் சீராக வந்தது. அவள் அம்மா ஓட்டியது. சீமையில் செய்தது என்பார்கள். கறுப்பு உடம்பு, அதில் தங்கப் பூ வரைந்திருந்தது. பூவில் பாதி கைபட்டுத் தேய்ந்துபோயிருந்தது. அதில் அவள் ரவிக்கையும் பாவாடையும் தைப்பாள் என்றாலும், பிரியமாகத் தைத்தது போர்வைதான். பழைய பருத்திப் புடவைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, மேலே துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, விரற்கடை இடைவெளியில் நெடுகத் தையல் ஓட்டுவாள். மார்கழியில் ஆவடி ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று சும்மா விடாது. திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர் என்று குவார்ட்டர்ஸில் இருந்த எல்லா வீட்டுப் பழம்புடவையும் எங்கள் வீட்டுக்கு வந்து போர்வையாகித் திரும்பும்.

எங்களுக்கு ஒரே பெண். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. நாலு நாள். அவ்வளவுதான். இதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை, எழுதினாலும் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

எழுதவேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. என் மனைவி அழவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போதும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. ஊரிலிருந்து வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். “அழுதிரு தாயி, அழுதாத்தான் தீரும்” என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுப் போனார்கள். அழாதவளின் நெஞ்சில் அது கல்லாக இறுகிவிடும், ஆளையே கொண்டுபோய்விடும் என்றார்கள். நான் நம்பினேன். மற்ற எதை நம்பாவிட்டாலும் அதை நம்பினேன், ஏனென்றால் என் கண்ணெதிரே அது நடந்துகொண்டிருந்தது. சமைத்தாள், துவைத்தாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். மிஷின்மேல் துணியைப் போட்டு மூடிவைத்துவிட்டாள். யார் புடவை கொண்டுவந்தாலும் கைவலி என்று திருப்பி அனுப்பினாள்.

குழந்தையின் துணிகளை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. போனவர்களின் துணியை வீட்டில் வைக்கக்கூடாது, வண்ணானுக்குக் கொடு, இல்லாவிட்டால் ஏரியில் விட்டுவிடு என்றாள் என் அக்கா. மனைவி எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் அப்படியே போனது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. தரையெங்கும் சின்னச் சின்ன கவுன்கள், பாவாடைகள், பள்ளிக்கூடச் சீருடை. அவள் கையில் கத்திரிக்கோல்.

“போர்வை தைக்கப்போறேன்” என்றாள். “அவளுதை மட்டும் வச்சு.”

என் அக்கா அப்போது திருநின்றவூரில் இருந்தாள். விஷயம் காதுக்குப் போய், அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கினாள். “செத்த பிள்ளை துணியைக் கத்திரி வச்சு வெட்டுவாளா ஒருத்தி? அந்தப் பிள்ளை தாங்குமா? ஏதாவது ஒரு விதத்துல தடுத்துரும் பாரு” என்று கத்திவிட்டுப் போனாள். என் மனைவி வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி, எது எதற்குப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அக்காமேல் கோபம். மனைவி ஒரு காரியத்தில் கைவைத்ததே எனக்குப் போதும் என்றிருந்தது. அதை முடித்துப் போர்த்திக்கொண்டாளானால் அன்றைக்கு அழுதுவிடுவாள், அழுதால் பிழைத்துக்கொள்வாள் என்று என் மனசுக்குள் எப்படியோ உறுதியாகிவிட்டது.

ஆனால் மிஷின் ஒத்துழைக்கவில்லை. தையல் விட்டு விட்டு விழுந்தது. ஒரு சாண் ஓட்டினால் நாலு இடத்தில் நூல் சேராமல் தொங்கும். பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுவாள்.

திருமுல்லைவாயில் பக்கமிருந்து சைக்கிளில் ஒரு மெக்கானிக் வருவான். கேரியரில் தகரப்பெட்டி, வாயில் வெற்றிலை, என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவனைக் கூப்பிட்டேன். ஊசியைத் தூக்கி இறக்கும் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினான்.

“பாரு அண்ணாத்தே, தண்டு தேஞ்சிகீது. ஊசி நேரா எறங்காம சாஞ்சிகினு எறங்குது. அதான் தையல் உட்டு உட்டு உழுது.”

“புதுத் தண்டு போடு.”

“இந்த மாடலுக்குப் புதுசுக்கு எங்க போறது? பழைய சாமான் கடையாண்ட ஒண்ணு தேடிப் பாத்து எட்த்துகினு வரேன். அதுவும் லேசா ஆடும். ஆடட்டும் உடு. பழந்துணி தைக்கிற மிஷினு, பஞ்சுத் தூசி உள்ள பூந்துகினே இருக்கும். எண்ணெயும் தூசியும் வந்து போக வழி வோணும்ல?”

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “ஆடுற தண்டை எடுத்துட்டு இன்னொரு ஆடுற தண்டைப் போடறதுக்கு மெக்கானிக் எதுக்கு?” என்றேன்.

அவன் பெட்டியை மூடினான். “நீ ஃபேக்டரிக்காரு. ஒனக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

எங்கள் தொழிற்சாலையை விட்டுப்போய் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாகக் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒருவர் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அவரிடம் போனேன். நல்ல எஃகுத் துண்டாகப் பார்த்து எடுத்து, கொஞ்சம் கூடுதல் பருமனாகக் கடைந்து, தீயில் காய்ச்சிக் கெட்டிப்படுத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு அது என் கைவேலை. உப்புத்தாளாலும் மெருகுப் பசையாலும் தேய்ப்பேன், துளைக்குள் விட்டுப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். பழைய துளை சமமாகத் தேய்ந்திருக்கவில்லை. அதையும் உள்ளே தேய்த்து நேராக்கினேன். ஆறு ஞாயிறு போனது. நடுவில் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே, “ஆச்சா?” என்று கேட்டாள். ஒன்றரை வருஷத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. அவசரப்பட்டிருக்கலாம், நான் படவில்லை. எந்தப் பக்கம் அசைத்தாலும் அசையாத தண்டு ஒன்றை அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று இருந்தேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வேலையைத் தள்ளியவன், என் வேலையை எவனும் தள்ளிவிட முடியாதபடி செய்யவேண்டாமா?

ஏழாவது ஞாயிறு மாட்டினேன். தண்டைப் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் என்பதே இல்லை. துணியில் தையல் அச்சடித்த மாதிரி விழுந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, விரலால் தையல்மேல் தடவி, “நல்லா இருக்குங்க” என்றாள். எனக்கு அன்று ராணுவ மெடல் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன்.

அந்த வாரம் முழுக்கத் தைத்தாள். பகலில் நான் இல்லாத நேரத்திலும் தைத்தாள். பாதிப் போர்வை உருவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மஞ்சள் துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தக் கவுன்ல மாம்பழக் கறை பண்ணிட்டு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சா. நான் ரெண்டு நாள் தேடினேன்.”

சொல்லும்போது குரல் உடைந்தது. கண் நிரம்பியது. நிரம்பியதே தவிர வழியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணியை மிஷினுக்குள் தள்ளினாள். அழுகை நாளையோ மறுநாளோ வந்துவிடும் என்று நினைத்தேன். வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினேன். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிறேன் என்று வேண்டியதும் அன்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவள் மிஷின் முன்னால், மிதிபலகையில் இரண்டு கால்களையும் வைத்தபடி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி துணிக்குள் இறங்கி நின்றிருந்தது. பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து வெட்டிய நீலத் துண்டு அது. அதைத் தைக்கத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டதாம். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஏங்க, நீங்க செஞ்ச தண்டுலதான் ஏதாவது கோளாறா?”

இந்தக் கேள்வியை அவள் எவ்வளவு ஆசையோடு கேட்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அக்கா சொன்னது பொய்யாகும்படி, ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். நான் தலைக்கனம் பிடித்தவன். எனக்குக் கேட்டதெல்லாம் என் வேலையில் குற்றமா என்பதுதான்.

“தண்டுல ஒரு தப்பும் கிடையாது. என் வேலை அது. தப்பாக வாய்ப்பே இல்லை” என்றேன்.

அவள் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். நான் ஊசியைக் கழற்றித் துணியை விடுவித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். அசையவில்லை. பித்தளைத் துண்டொன்றைத் தண்டின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். மிஷின் உடம்பு வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இது தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது. தெரிந்தே ஓங்கினேன். மூன்றாவது அடியில் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. ஒரு துண்டு தரையில் விழுந்தது.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து நீலத் துணியை எடுத்து உதறி மடித்தாள்.

“அவளுக்கு இஷ்டமில்லை. நிறுத்திட்டா” என்றாள்.

சாயங்காலம் மிஷினின் உடைந்த தலைப்பகுதியிலிருந்து தண்டை உருவினேன். அதன்மேல் கன்னங்கரேலென்று ஒரு பசை. பழந்துணியின் பஞ்சுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து, வெளியே வர வழியில்லாமல், மெழுகாக இறுகிப்போயிருந்தது. தண்டில் நெடுகக் கீறல்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. எந்த நீதிபதிக்கும் சாட்சி தேவையில்லை. எண்ணெய்க்கும் தூசிக்கும் போகவர வழி வேண்டும் என்று வெற்றிலை மென்றுகொண்டே சொன்னவன் சரி, நான் தப்பு.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெட்கம். மத்தியானம்தான் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவன் சாயங்காலம் எந்த முகத்தோடு போய் நிற்பது? இரண்டு வாரம் தள்ளினேன். அதற்குள் அவள் பாதிப் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பழையபடி ஆகிவிட்டாள். இல்லை, பழையபடி இல்லை. முன்பு பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். இப்போது குழந்தைக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டோம் என்கிற குற்றமும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் தண்டை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கீறலைக் காட்டினேன். பசையைக் காட்டினேன். “என் தப்புதான். நம்ம பொண்ணு எதையும் நிறுத்தலை. நான்தான் இறுக்கமா செஞ்சிட்டேன்” என்றேன்.

பொறுமையாகக் கேட்டாள். தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்மேல் இரக்கம் வந்ததைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எனக்காகச் சொல்றீங்க” என்றாள். “நீங்க ஆறு வாரம் பார்த்துப் பார்த்துச் செஞ்சது. உங்க கை வச்சது எப்பவாவது நின்னிருக்கா? அன்னைக்கே சொன்னீங்களே, தப்பாக வாய்ப்பே இல்லைன்னு.”

நான் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். “வேணாங்க, விடுங்க” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதையும் செய்தேன். மூன்று வாரம் தேடி அந்த மெக்கானிக்கைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் சிரித்ததற்கு அவன் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. வந்தான். உடைந்த தலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் பேசினான்.

“யம்மா, இத்தப் பாரு. எடம் இல்லாம டைட்டா போட்டுகீறாரு. தூசி அடைச்சிகினு புடிச்சிகிச்சி. இது மிஷின் சமாச்சாரம்மா, வேற ஒண்ணும் இல்ல. எவன் ஊட்ல போட்டிருந்தாலும் நின்னுதான்...” என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துக் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டான்.

அவள் அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் போன பிறகு என்னிடம், “பாவம், சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றாள்.

புது மிஷின் ஒன்று வாங்கி வைத்தேன். தலையணை உறை தைத்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒருமுறை புடவை ஓரம் அடித்துக்கொடுத்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. கையால் தைத்து முடி, நானும் உட்கார்ந்து தைக்கிறேன் என்று கெஞ்சினேன். “பிடிக்கலைன்னு தெரிஞ்ச பிறகு ஒருதரம் ஊசி குத்தலாமா?” என்றாள். அக்காவிடம் போய், நீயாவது வந்து சொல்லு என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அக்கா வந்தாள். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பித்தாள். அவளைத் திரும்ப ரயிலேற்றிவிட்டு வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தொழிற்சாலையில் மட்டும் ஒரு மாற்றம். சிவப்பு மை வைக்கக் கை வரவில்லை. ஆடுகிறதா, ஆடட்டும் என்று விட்டேன். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நல்லதாகப் போயிற்று.

நாலைந்து வருஷம் ஓடியது. தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. ஒரு தை மாதம் பிளேடை வைத்துக்கொண்டு பாதிப் போர்வையைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், தினம் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக. நான் செய்த தண்டு போட்ட தையல் அது. சீக்கிரம் பிரியவில்லை. நூலை ஒவ்வொன்றாக உருவி, துண்டுகளைத் தனித்தனியாக அடுக்கினாள். எதற்கு என்று கேட்டேன். “கட்டிப் போட்டது மாதிரி இருக்கு. விட்டுடலாம்” என்றாள். ஒருவேளை இதிலாவது அழுவாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் தூசி கண்ணில் பட்டுக் கசக்கினாள். அவ்வளவுதான்.

மாசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது டிரங்குப் பெட்டி திறந்து காலியாக இருந்தது. உள்ளே விரித்திருந்த செய்தித்தாளைக்கூட எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். சமையலறை மேடையில் புதிதாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண் தலையில் கூடையோடு எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வருவாள். வெட்டிய துண்டுகளை மட்டும் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லையாம், என் இரண்டு வேட்டியையும் ஒரு சட்டையையும் சேர்த்த பிறகுதான் சம்மதித்தாளாம். இதையெல்லாம் என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

நான் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன். என் பெண் போனபோதுகூட அப்படி அழவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தூக்கை எடுத்து, எடை பார்க்கச் சொல்லி என் கையில் வைத்தாள்.

“எதுக்குங்க அழறீங்க?” என்றாள். “நல்ல கனம்தான். பாத்திரக்காரி ஏமாத்தலை.”